படத்தில் தெரியாத முழங்கை முறிவுகள்: வாசகர் கேள்விகளும் வைத்தியர் பதில்களும்

பாடசாலை விடுமுறைக்குப் பின் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிறு பிள்ளைகளின் முழங்கையைப் பற்றியே இருந்தன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதுகிறேன். நேரில் தொட்டுப் பார்க்காத பிள்ளைக்கு எழுத்தில் வைத்தியம் செய்ய முடியாது. உங்கள் வைத்தியரிடம் எதைக் கேட்க வேண்டும், எதற்காகத் திரும்பப் போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள இப்பதில்கள் உதவட்டும்.

கேள்வி: என் மகளுக்கு ஒரு வயதும் பத்து மாதமும் ஆகின்றன. லயத்து இஸ்தோப்பிலிருந்து (திண்ணையிலிருந்து) கீழேயுள்ள கானுக்குள் (வடிகாலுக்குள்) விழுந்ததில் முழங்கை வீங்கிவிட்டது. முதலில் கொண்டுபோன வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, மூட்டு விலகியிருப்பதாகச் சொன்னார்கள். அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே, மூட்டு விலகவில்லை, எலும்பின் வளரும் பகுதி கழன்றிருக்கிறது என்று கூறி, மயக்க மருந்து கொடுத்துக் கம்பி போட்டார்கள். ஒரே கையைப் பார்த்து இரண்டு விதமாகச் சொன்னது எப்படி? பிள்ளை எப்படி விழுந்தாள், அப்போது யார் வீட்டில் இருந்தார்கள் என்று மூன்று பேர் மாறி மாறிக் கேட்டதும் என் மனதை மிகவும் நோகடித்தது. கை கோணாமல் வளருமா?
— ஒரு தாய், தலவாக்கலை

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதாகச் சொல்லப்பட்டதே பொருந்துகிறது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழங்கை மூட்டு விலகுவது மிக மிக அரிது. அந்த வயதில் எலும்புகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் நார்கள், எலும்பு வளரும் இடமான வளர்ச்சித்தட்டைவிட உறுதியானவை. அதனால் பலமான விசை தாக்கும்போது மூட்டு கழல்வதற்கு முன்பே மேற்கை எலும்பின் கீழ்முனை முழுவதும் வளர்ச்சித்தட்டின் வழியே பிரிந்து நகர்ந்துவிடும். முறிவு வகைகளுள் இது அபூர்வமானது. பல வருடங்கள் பணியாற்றிய வைத்தியர் ஒருவர்கூட இதை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே பார்த்திருப்பார்.

படம் ஒன்றாக இருந்தும் கருத்து இரண்டானதற்குக் காரணம் படத்திலேயே இருக்கிறது. எக்ஸ்ரே கல்சியம் படிந்த எலும்பைத்தான் காட்டும், குருத்தெலும்பைக் காட்டாது. பிறக்கும்போது முழங்கையைச் சுற்றியுள்ள எலும்பு முனைகள் யாவும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. மேற்கை எலும்பின் கீழ்முனையில், வெளிப்பக்கத்தில், கபிடெல்லம் எனப்படும் உருண்டைப் பகுதி முதலாவது வயதுக்குள் எலும்பாகத் தொடங்கி, படத்தில் ஒரு சிறு புள்ளியாகத் தெரியவரும். முன்கையில் பெருவிரல் பக்கம் ஓடும் ஆரை எலும்பின் தலை மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள்ளும், உட்பக்க முனைப்பு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்ளும், உட்பக்க மூட்டுப்பரப்பான ட்ரொக்லியா ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள்ளும், முழங்கையின் பின்முனை ஒன்பது, பத்து வயதளவிலும், கடைசியாக வெளிப்பக்க முனைப்பு பன்னிரண்டு வயதை ஒட்டியும் படத்தில் தோன்றும். பெண் பிள்ளைகளுக்கு இவை ஆண் பிள்ளைகளைவிடச் சற்று முந்தியே தோன்றுவதுண்டு. உங்கள் மகளின் வயதில், இந்த ஆறில் ஒன்று மட்டுமே படத்தில் இருந்திருக்கும். மற்ற ஐந்தும் கையில் இருக்கும், படத்தில் இருக்காது.

அந்த ஒற்றைப் புள்ளிதான் உண்மையைச் சொல்கிறது. ஆரை எலும்பின் நடுவே ஒரு கோடு இழுத்தால், எந்தத் திசையிலிருந்து எடுத்த படமாக இருந்தாலும், அந்தக் கோடு கபிடெல்லத்தை ஊடுருவிச் செல்ல வேண்டும். மூட்டு உண்மையாகவே விலகியிருந்தால் கோடு அதைத் தவறவிடும். வளர்ச்சித்தட்டு கழன்றிருந்தால் கோடு சரியாகவே விழும். முன்கை எலும்புகள் இரண்டும் கபிடெல்லத்தோடு சேர்ந்து மேற்கை எலும்பை விட்டுப் பின்புறமாகவும் உட்புறமாகவும் நகர்ந்திருக்கும். அவசரத்தில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலில் பார்த்தவர்மேல் நான் குறை காணமாட்டேன். சந்தேகம் வந்ததும் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்காமல் அனுப்பினாரே, அதுதான் முக்கியம்.

கபிடெல்லம்கூடத் தோன்றாத கைக்குழந்தையென்றால் இந்தக் கோடும் உதவாது. சிரமமான பிரசவத்தில் பிறந்த சிசு ஒரு கையை அசைக்காமல் இருந்தால், தோளருகே நரம்பு இழுபட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் முழங்கை வீங்கியிருக்கிறதா, தொட்டால் அழுகிறதா என்று பார்க்க வேண்டும். அத்தகைய சிசுவுக்கு அல்ட்ராசவுண்ட் பரிசோதனை நல்ல வழி. அது குருத்தெலும்பைக் காட்டும், கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்தும் தேவையில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் மூட்டுக்குள் சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பது இன்னொரு வழி. சாயம் குருத்தெலும்பின் ஓரத்தைக் கோடிட்டுக் காட்டுவதால், நகர்ந்த பகுதி சரியான இடத்துக்கு வந்துவிட்டதா என்பதை அங்கேயே உறுதிசெய்து கம்பி போடலாம். பெரும்பாலும் வெளிப்பக்கத்திலிருந்து மெல்லிய கம்பிகள் இரண்டு செலுத்தப்பட்டு, மூன்று நான்கு வாரங்களில் கிளினிக்கிலேயே அகற்றப்படும்.

இனி, உங்களை நோகடித்த கேள்விகள். இந்த முறிவு வளர்ச்சித்தட்டைத் திருகும் விசையால் ஏற்படுவது. நடக்கத் தொடங்காத குழந்தைக்கு இது ஏற்பட்டால், யாராவது கையை முறுக்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தை உலகெங்கும் வைத்தியப் பாடநூல்கள் எழுப்பச் சொல்கின்றன. ஆகவே பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தாலும், தோட்டத்து லயமானாலும் பங்களாவானாலும், அதே கேள்விகள் கேட்கப்பட வேண்டும். உடம்பில் வேறு காயங்கள் உண்டா என்றும் பார்க்க வேண்டும். கேட்ட விதம் கடுமையாக இருந்திருந்தால் அது கேட்டவரின் குறை, கேட்டதே குறையாகாது. நடமாடும் பிள்ளை உயரத்திலிருந்து கானுக்குள் விழுந்ததாகச் சொல்லும்போது, அந்த விளக்கம் காயத்தோடு ஒத்துப்போகிறது என்று எழுதிக்கொள்வதற்கும் அதே கேள்விகள்தாம் தேவை. ஏதேனும் ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவது உங்கள் கவனத்துக்கு வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.

கோணல் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தோள் பக்கத்தில் நடக்கிறது. முழங்கைப் பக்கத்துப் பங்கு ஐந்தில் ஒன்றுதான். அதனால் தோளருகே கோணலாகப் பொருந்திய முறிவை வளர்ச்சி தானே நேராக்கிவிடும். முழங்கையருகே அந்தச் சலுகை கிடைப்பதில்லை, அதிலும் பக்கவாட்டுக் கோணல் அப்படியே தங்கிவிடும். கம்பி போடாமல் மாவுக்கட்டோடு மட்டும் விட்ட பிள்ளைகளில் முன்கை உட்புறம் சாய்ந்த கோணல் அதிகம் காணப்படுகிறது என்பதாலேயே உங்கள் மகளுக்குக் கம்பி போட்டிருப்பார்கள். இரு கைகளையும் நீட்டி உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வளர்ச்சித்தட்டுக்குப் போகும் இரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டதா என்பது உடனே தெரியாது. ஆகவே கம்பி எடுத்த பின்னும் குறைந்தது இரண்டு வருடங்களுக்குக் கிளினிக் திகதிகளைத் தவறவிடாதீர்கள்; கொழுந்துப் பேர் (அன்றைய நாட்சம்பளம்) போய்விடுமே என்று தள்ளிப்போடவும் வேண்டாம்.

இதே முறிவோடு ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து வரும் பிள்ளைக்கு வழி வேறு. அப்போது எலும்பு ஒட்டத் தொடங்கியிருக்கும். பலவந்தமாக இழுத்துப் பொருத்த முயன்றால் வளர்ச்சித்தட்டே சிதையக்கூடும். இருக்கிற நிலையிலேயே ஆறவிட்டு, கோணல் மிஞ்சினால் சில வருடங்களின் பின் எலும்பை வெட்டிச் சரிசெய்வதே பாதுகாப்பானது.

கேள்வி: ஆறு வயது மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று சொல்லி, கையைத் தூளியில் இட்டு அனுப்பினார்கள். ஐந்து நாட்களாகியும் முழங்கையின் வெளிப்பக்க வீக்கம் வற்றவில்லை. கையை நீட்ட விடுகிறானில்லை. வீட்டுப் பெரியவர்கள் முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
— ஒரு தந்தை, ஹட்டன்

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வருமுன்னரே நீங்கள் திரும்பவும் வைத்தியசாலைக்குப் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போகாவிட்டால் நாளைக் காலையே போங்கள். வெளிப்பக்கத்தில் மட்டும் வீக்கமும் தொட்டால் வலியும் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு, மறுபடி படம் எடுத்துப் பார்க்கும்வரை, மேற்கை எலும்பின் வெளிப்பக்கக் குமிழ் முறிந்திருக்கிறது என்றே கருத வேண்டும்.

பிள்ளைகளின் முழங்கை முறிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை மூட்டுக்குச் சற்று மேலே குறுக்காக ஏற்படுபவை. அவற்றைப் பெரும்பாலும் யாரும் தவறவிடுவதில்லை, கை பார்வைக்கே உருமாறியிருக்கும். வெளிப்பக்கக் குமிழ் முறிவு இரண்டாவது இடத்தில் இருந்தாலும், தவறவிடப்படுவதில் அதுவே முன்னால் நிற்கிறது. முறிந்த துண்டின் பெரும்பகுதி குருத்தெலும்பாக இருப்பதால் படத்தில் தெரிவது எலும்பின் ஓரத்தில் ஒரு மெல்லிய சீவல் மட்டுமே. நேர்ப்படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் அதுகூட மறைந்திருக்கலாம். கையை உட்புறமாகத் திருப்பிச் சாய்வாக எடுக்கும் மூன்றாவது படம் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்தப் படத்தை எடுத்தார்களா என்று தயக்கமின்றிக் கேளுங்கள். கேட்பதால் எந்த வைத்தியரும் கோபிக்கக் கூடாது.

முறிவுக் கோடு தெரியாத படத்திலும் பார்க்க வேண்டிய அடையாளம் ஒன்றுண்டு. முழங்கை மூட்டின் முன்னும் பின்னும் சிறு கொழுப்புப் பொதிகள் இருக்கின்றன. பின்னாலுள்ள பொதி எலும்புக் குழிக்குள் ஒளிந்திருப்பதால், மடித்த கையின் பக்கவாட்டுப் படத்தில் சாதாரணமாகத் தெரியாது. மூட்டுக்குள் இரத்தம் கசிந்தால் அது வெளியே தள்ளப்பட்டு, எலும்பின் பின்னால் ஒரு கரிய நிழலாகத் தோன்றும். விழுந்த பிள்ளையின் படத்தில் அந்த நிழல் இருந்தால், கோடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், முறிவு உண்டென்று வைத்தே கட்டுப் போட்டு, ஒரு வாரத்துக்குள் மறுபடி படம் எடுக்க வேண்டும். இதற்குப் பக்கவாட்டுப் படம் உண்மையிலேயே பக்கவாட்டில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளை அழுது திமிறும்போது சாய்ந்து பதிந்த படத்தை வைத்து முறிவு இல்லையென்று சொல்வதைவிட, வலிநிவாரணி கொடுத்து அரை மணித்தியாலம் பொறுத்து மறுபடி எடுப்பது எவ்வளவோ மேல்.

துண்டு இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைவாகவே விலகியிருந்தால் மாவுக்கட்டு போதும். ஆனால் கட்டுக்குள்ளேயே துண்டு நகரக்கூடும் என்பதால், முதல் இரண்டு வாரங்களில் வாரம் ஒரு முறையாவது படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் விலகியிருந்தால் பொருத்திக் கம்பி போடுவார்கள். மூட்டுப்பரப்பு நேராகப் பொருந்தவில்லையென்றால் திறந்து பார்க்கவும் வேண்டிவரும். இந்த முறிவு மூட்டுத் திரவத்தில் நனைந்துகொண்டே இருக்கிறது, தசைகளும் துண்டை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போய்விடுவதற்கு இவ்விரண்டும் காரணம். ஒட்டாத கை ஆரம்பத்தில் வேலை செய்யும். பிள்ளை வளர வளர முன்கை வெளிப்புறமாகச் சாயும். பல வருடங்கள் கழித்து, சில வேளை அவன் வேலைக்குப் போகும் வயதில், முழங்கையின் உட்பக்கத்தால் செல்லும் நரம்பு இழுபட்டு, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் பிடி தளரும். அப்போது அந்தக் கொய்யா மரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எண்ணெய்க் கட்டு விடயத்தில் உங்கள் பெரியவர்களோடு சண்டைக்குப் போகும் நோக்கம் எனக்கில்லை. பரம்பரை வைத்தியர்களில் தமக்கு அடங்காததை வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பவர்களும் உண்டு. எனினும் புதிதாகக் காயமடைந்த முழங்கையைத் தேய்ப்பதையும் உருவுவதையும் நான் திட்டவட்டமாக மறுக்கிறேன். துண்டு மேலும் நகரும், மூட்டைச் சுற்றியுள்ள தசைக்குள் எலும்பு படிந்து மூட்டு இறுகிப்போகவும் கூடும். சுற்றிவர இறுக்கிக் கட்டும் மூங்கில் சிம்பு இன்னும் ஆபத்தானது. வீக்கம் ஏற ஏறக் கட்டு இறுகி, முன்கைத் தசைகளுக்குப் போகும் இரத்தம் தடைப்படும். சில மணித்தியாலங்கள் அப்படியே இருந்தால் தசை செத்து, விரல்கள் வாழ்நாள் முழுவதும் மடங்கியே போகும். இதே ஆபத்து வைத்தியசாலையில் போட்ட மாவுக்கட்டிலும் உண்டு. மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போகிறதா, பிள்ளை தேற்றமுடியாமல் அமைதியிழந்து அழுகிறானா, விரல்களை நீட்டிவிட்டால் துடிக்கிறானா என்று பாருங்கள். இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் இரவோடிரவாகவே கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: படியேறும்போது கையைப் பிடித்துத் தூக்கினேன். அன்றிலிருந்து இரண்டு வயதுப் பேத்தி இடது கையை உபயோகிக்காமல் தொங்கவிட்டிருக்கிறாள். வீக்கம் இல்லை. இதுவும் முறிவா?
— ஒரு பாட்டி, பண்டாரவளை

பதில்: பெரும்பாலும் இல்லை, அம்மா. ஆரை எலும்பின் தலையைச் சுற்றியுள்ள நார்வளையம் மூட்டுக்குள் சிறிது நழுவியிருக்கும். ஒன்றிலிருந்து நான்கு வயதுவரை இது சாதாரணம். இழுபட்டதாகத் தெளிவாகத் தெரிந்து, வீக்கமும் இல்லையென்றால் எக்ஸ்ரேகூடத் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் முன்கையை ஒரு திருப்புத் திருப்பினால் பல பிள்ளைகள் சில நிமிடங்களில் கையை நீட்டி இனிப்பு வாங்கிவிடுவார்கள். நீங்களே திருப்பிப் பார்க்க வேண்டாம். வீக்கம் இருந்தாலோ, பிள்ளை விழுந்திருந்தாலோ, திருப்பிய பிறகும் கையை உபயோகிக்காவிட்டாலோ படம் எடுத்தே ஆக வேண்டும். இனிமேல் தூக்குவதென்றால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

கேள்வி: என் வகுப்பில் படிக்கும் எட்டு வயது மாணவனுக்கு இரண்டு மாதங்களுக்கு முன் முன்கையில் ஓர் எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, ஒட்டிவிட்டதாகக் கட்டை அகற்றிவிட்டார்கள். இன்றும் அவனால் கையை முழுமையாக மடித்து வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. முழங்கையின் முன்பக்கத்தில் கடினமாக ஏதோ தடிப்பு இருக்கிறது. பயிற்சி செய்தால் சரியாகுமா?
— ஓர் ஆசிரியை, நுவரெலியா

பதில்: அவதானித்து எழுதியதற்கு நன்றி. பயிற்சியால் சரியாகாத ஒன்றாக இது இருக்கலாம். முன்கையில் இரண்டு எலும்புகள் இணையாக ஓடி, மேலும் கீழும் கட்டுண்டு கிடக்கின்றன. சுண்டுவிரல் பக்கத்து அரந்தி எலும்பு மட்டும் முறிந்து வளையும்போது, மற்ற எலும்பு பெரும்பாலும் சும்மா இருப்பதில்லை. ஆரை எலும்பின் தலை முழங்கையில் தன் இடத்தை விட்டுக் கழன்றிருக்கும். இத்தாலியில் மிலான் நகரத்துச் சத்திரசிகிச்சையாளர் மொன்டெஜியா இதை 1814இல் விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல் என்பதை நினைத்துப் பாருங்கள். படமே இல்லாத காலத்தில் கையாலும் கண்ணாலும் அறிந்ததை, இன்று படத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாம் தவறவிடுகிறோம். முன்கை முறிவைப் படம் எடுக்கும்போது முழங்கையும் மணிக்கட்டும் படத்துக்குள் வராமல் போவதே இதற்கு முதற்காரணம். சிறு பிள்ளைகளில் அரந்தி எலும்பு முறியாமல் சற்று வளைந்துமட்டும் போவதுண்டு. அந்த மெல்லிய வளைவைக் கண் இலகுவில் தாண்டிப் போய்விடும்.

தலவாக்கலைத் தாய்க்கு எழுதிய அதே கோடுதான் இங்கும் பதில் சொல்லும். ஆரை எலும்பின் கோடு கபிடெல்லத்தைத் தொடவில்லையென்றால் தலை வெளியே இருக்கிறது; நீங்கள் தடவிப் பார்த்த தடிப்பும் அதுவாகவே இருக்கும். அடிபட்ட நாட்களிலேயே கண்டிருந்தால், அரந்தி எலும்பை நேராக்கியதும் ஆரையின் தலை தானாகவே இடத்துக்குத் திரும்பியிருக்கும். இரண்டு மாதங்களின் பின் அது அவ்வளவு எளிதல்ல. அரந்தி எலும்பை வெட்டி, நிமிர்த்தி, தகடு வைத்து, தலையை இருத்த வேண்டியிருக்கும். ஆயினும் இந்த வயதில், ஒரு வருடம் கடப்பதற்குள் செய்தால் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். நாட்கள் போகப் போகத் தலை உருமாறி, பொருத்தினாலும் நில்லாது. பெற்றோரை அழைத்து, முதல் எடுத்த படங்களையும் கையில் கொடுத்து, பிள்ளைகளின் எலும்பு முறிவைக் கவனிக்கும் விசேட வைத்திய நிபுணரிடம் அனுப்புங்கள். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலிருந்து பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பிவைக்கும்படி கேட்கலாம். எங்கிருந்து எங்கே மாற்றினாலும் துண்டுக் கடதாசியோடு மட்டும் போகாமல் படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போவது நல்லது. பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிடும்போதுதான் எலும்பு நகர்ந்ததா என்பது தெரியும்.

கேள்வி: ஏழு வயது மகளின் முழங்கையில் உட்பக்கம் வீங்கியிருக்கிறது. உட்பக்க முனைப்பிலிருந்து சிறு துண்டு உடைந்திருக்கிறது, பாரதூரமில்லை, தானாக ஒட்டும் என்றார்கள். நம்பலாமா?
— ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: பெரும்பாலும் நம்பலாம். ஆனாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நம்புங்கள். உட்பக்க முனைப்பு மூட்டுக்கு வெளியே இருப்பது. அதன் துண்டு சற்று விலகினாலும் பெரும்பாலும் மாவுக்கட்டோடு ஆறிவிடும். அதே இடத்தில், மூட்டுப்பரப்பையும் சேர்த்து உட்பக்கக் குமிழே முறிவதும் உண்டு. அது பிள்ளைகளின் முழங்கை முறிவுகளில் நூற்றுக்கு ஒன்று இரண்டுக்கு மேல் வராத அபூர்வம். உங்கள் மகளின் வயதில் ட்ரொக்லியா இன்னும் எலும்பாகாதிருந்தால் இரண்டு முறிவுகளும் படத்தில் ஒரே சிறு துண்டாகத்தான் தெரியும். முனைப்பு மட்டும் உடைந்தால் மூட்டுக்குள் பெரும்பாலும் இரத்தம் சேராது. ஆகவே பின்புறக் கொழுப்பு நிழல் தெரிந்தாலோ, துண்டோடு எலும்புத் தண்டின் ஒரு சீவலும் சேர்ந்து வந்திருந்தாலோ, மூட்டுப்பரப்பு உடைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது மற்றக் கையின் படத்தோடு ஒப்பிட்டு, அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ. பரிசோதனையோ செய்து தீர்மானிப்பார்கள். விலகிய குமிழ் முறிவு கம்பியில்லாமல் ஒட்டுவதை நம்பியிருக்க முடியாது.

மூட்டு விலகி, அதைத் திரும்பப் பொருத்தியிருந்தால் வேறொன்றையும் பார்க்க வேண்டும். உடைந்த முனைப்பு மூட்டுக்குள் இழுபட்டுச் சிக்கியிருக்கலாம். ஒன்பது பத்து வயதுப் பிள்ளையின் படத்தில் முனைப்பு அதற்குரிய இடத்தில் இல்லாமல், மூட்டுக்குள் ட்ரொக்லியாவைப்போல ஒரு புள்ளி தெரிந்தால், அது ட்ரொக்லியா அல்ல. முனைப்பு தோன்றிய பிறகுதான் ட்ரொக்லியா தோன்றும். இந்த வரிசை மாறுவது மிக அரிது. வயதுக் கணக்கைவிட இந்த வரிசையைத்தான் வைத்தியர்கள் கூடுதலாக நம்புகிறார்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு வரவே ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். பிள்ளைக் காம்பராவில் பிள்ளை விழுந்து கை வீங்கினால் அதுவரை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— பிள்ளைப் பராமரிப்பு உத்தியோகத்தர் ஒருவர், பொகவந்தலாவை

பதில்: கை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அசையாமல் வையுங்கள். நேராக்கிப் பார்க்கவே கூடாது. கடினமான காகித அட்டையை மடித்து, துணி சுற்றி, முழங்கைக்கு மேலும் கீழும் தளர்வாகக் கட்டினால் போதும். முழங்கையின் மடிப்பில் கட்டு விழக் கூடாது. வளையல், கயிறு, இறுக்கமான கம்பளிச் சட்டைக் கை எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள் அல்லது வெட்டுங்கள். வீங்கிய பின் கழற்ற வராது. பரசிட்டமோல் பாணியை உடல் எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். பால், பிஸ்கட், ரொட்டி எதுவும் வேண்டாம். மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிற்றில் உணவு இருப்பதால் சிகிச்சை ஆறு மணித்தியாலம் பிந்தக்கூடும். தண்ணீர் ஓரிரு வாய் கொடுப்பதில் தவறில்லை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையென்றால் கடைசியாகக் குடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு விரல்களைப் பாருங்கள். மலைக் குளிரில் எல்லாப் பிள்ளைகளின் விரலும் சில்லிட்டிருக்கும். ஆகவே மற்றக் கையோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் வெளிறிய நிறம் இரண்டு விநாடிகளுக்குள் சிவப்பாகத் திரும்ப வேண்டும். கொஞ்சம் பெரிய பிள்ளையென்றால் பெருவிரலை உயர்த்தச் சொல்லுங்கள். பெருவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து வட்டம் செய்யச் சொல்லுங்கள். விரல்களை அகல விரிக்கச் சொல்லுங்கள். இம்மூன்றும் மூன்று நரம்புகளைச் சோதிப்பவை. வட்டம் செய்ய முடியாமல் விரல் நுனிகள் தட்டையாக ஒட்டினால் அதை எழுதி, பிள்ளையோடு போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். கை வெளிறியிருந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்திருந்தாலோ, 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்துவிட்டு, எந்தச் சந்தியில் நிற்பது என்பதை அவர்களோடு பேசி முடிவு செய்து, தோட்டத்து வாகனத்தில் அந்த இடம்வரை இறக்கிவிடுங்கள். நிமிடங்கள் மிச்சமாகும்.

கேள்வி: மகனுக்குப் போட்ட கம்பியின் நுனிகள் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த மழையில் அழுக்குப் படாதா? கம்பி எடுத்த பின் கை எப்போது நேராகும்?
— ஒரு தாய், ஹப்புத்தளை

பதில்: கிளினிக்கில் மயக்க மருந்தில்லாமல் எடுப்பதற்காகவே நுனிகளை வெளியே விடுகிறார்கள். மாவுக்கட்டு நனையாமல் இருந்தால் போதும்; உள்ளே மருந்து பூசவோ பஞ்சை அகற்றவோ வேண்டாம். கெட்ட நாற்றம், சீழ், காய்ச்சல், கட்டு நனைந்து கரைந்த நிலை ஆகியவற்றில் எது வந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் போங்கள். கம்பி எடுத்த அன்று கை மரக்கட்டையாக இருப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள், விளையாடியே கையை நீட்டிவிடுவார்கள். கடைசியாக மிஞ்சும் சில பாகை வளைவு போக ஒரு வருடம்கூட எடுக்கலாம். வாளியில் தண்ணீர் தூக்கவைத்தோ, இழுத்து நீட்டியோ அவசரப்படுத்த வேண்டாம். வலியால் பிள்ளை கையை மேலும் இறுக்கிக்கொள்வான். மூன்று மாதமாகியும் கை சற்றும் நீளவில்லையென்றாலோ, நீண்ட கை மறுபடி மடங்கத் தொடங்கினாலோ, புதிய படம் எடுத்துப் பார்க்கும்படி கேளுங்கள்.